இரண்டாவது ரன்

போன மாதம் மலாக்காவில் செங் என்ற இடத்தில் ஒரு பள்ளித் திடலுக்கு என்னை அழைத்துப் போனார்கள். மாநில அணிக்கு இளம் கிரிக்கெட் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள் அது. பயிற்றுநர் ஒருவர் மூன்று கால் தாங்கியில் வீடியோ கேமராவை நிறுத்தி, ஒவ்வொரு பையனும் பந்து எறிவதைப் படம் பிடித்தார். பிறகு அதைச் சின்னத் திரையில் மெதுவாக ஓட்டிக் காட்டினார். முழங்கை வளைவதும் விரல்கள் பந்தை விடுவதும் அப்படியே தெரிந்தன. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், உங்க காலத்துல இது ஒண்ணும் இல்ல. அப்புறம் எப்படித்தான் ஆளப் பொறுக்குனீங்க?" என்று அவர் கேட்டார்.

"கண்ணாலதான்லா," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் போதாது என்று பட்டது. நான் ஓய்வு பெறும்வரை இந்த மாநிலத்தில் எத்தனையோ ஆட்டக்காரர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஆனால் பார்ப்பது என்றால் என்ன என்பதை நான் கற்றுக்கொண்டது ஒரே ஒருவனைப் பார்த்துத்தான். அதைச் சொன்னால்தான் கேள்விக்குப் பதில் சொன்னதாக ஆகும்.

காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசு போரிட்ட அவசரகாலம் தொடங்கியபோது நான் மலாக்கா பாடாங்கின், அதாவது கடலோரப் பெரிய திடலின், ஓரத்தில் இருந்த ஒரு விளையாட்டுக் கிளப்பில் கிராணியாக, எழுத்தராக, இருந்தேன். பெயர்தான் கிராணி. திடலில் சுண்ணாம்புக் கோடு போடுவது, கால்காப்புகளை வெயிலில் காயவைப்பது, ஆட்டத்தன்று ஸ்கோர் எழுதுவது, இவைதான் வேலை. முதல் வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கோட்டை நேராகப் போடக் கற்றுக்கொண்டேன். அதற்கே நாள் பிடித்தது. அதன் பிறகுதான் லசாரூ என் மேல் கண் வைத்தார்.

லசாரூ போர்த்துகீசியர் குடியிருப்பைச் சேர்ந்தவர். சுங்க அலுவலகத்தில் வேலை. மாநில கிரிக்கெட் தேர்வுக் குழுவுக்குச் செயலாளர். குட்டையான, கெட்டியான மனிதர். வெயிலோ மழையோ, கையில் பெரிய கறுப்புக் குடை இருக்கும். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். தமிழில் அவருக்குத் தெரிந்தவை சில சொற்கள்தான். அத்தனையும் சாப்பாட்டைப் பற்றியவை. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. எந்த ஆட்டக்காரனைப் பற்றிச் சொன்னாலும் "பெலும்" என்பார். இன்னும் இல்லை என்று அர்த்தம். என்றாவது ஒரு நாள் "போலே" என்றால், அவன் தேறிவிட்டான், மாநிலத்துக்கு ஆடலாம் என்று அர்த்தம். அந்தச் சொல்லைக் கேட்காமலேயே ஆடி முடித்துப் போனவர்கள் நிறையப் பேர்.

ஆட்டம் பார்க்க வந்தால் அவர் கிளப் கட்டடத்தின் நிழலில் உட்கார மாட்டார். எல்லைக்கோட்டுக்கு வெளியே, தூரத்தில் நிற்கும் ஆட்டக்காரனுக்குப் பின்னால் குடையை விரித்து நின்றுகொள்வார். மட்டை பிடிப்பவன் நாலு அடித்தாலும் ஆறு அடித்தாலும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்.

"மட்டை பிடிக்கிறவனை ஊரே பார்க்குது. நீயும் நானும் எதுக்கு?" என்று மலாயில் சொல்வார்.

என்னைத் தோட்டங்களுக்கு அனுப்பத் தொடங்கினார். ஒருவனை ஒரு தடவை பார்த்து வந்தால் கணக்கில் சேராது. வெயிலில் ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஈரப் புல்லில் ஒரு தடவை, அவனுடைய அணி தோற்றுக்கொண்டிருக்கும்போது ஒரு தடவை பார்க்க வேண்டும். பந்து தன்னிடம் வராத நேரத்திலும் அவன் கால் நகர்கிறதா, பந்தைத் தவறவிட்டால் தலையில் அடித்துக்கொள்கிறானா திரும்பி ஓடுகிறானா, இவற்றையெல்லாம் பார்த்து வர வேண்டும். எழுதிக் கொடுத்தால் வாங்க மாட்டார். திங்கட்கிழமை மாலை நானும் அவரும் திடலில் கனத்த உருளையை இழுத்துக்கொண்டே நடப்போம். அப்போதுதான் வாயால் சொல்ல வேண்டும்.

"நல்லா எறிஞ்சான் சார்."

"நல்லான்னா?"

"வேகமா சார்."

"வேகம்னா?"

மூச்சு வாங்க உருளையை இழுத்துக்கொண்டு பதில் தேடுவேன். 'விக்கெட் கீப்பரின் இடுப்பு உயரத்துக்கு வந்தது, அவர் காலை நகர்த்தவே இல்லை' என்று சொன்னால்தான் விடுவார். "நல்லா" என்ற சொல்லையே நான் விட்டுவிட்டேன். என் மனைவி ரசம் எப்படி என்று கேட்டால் இன்றும், புளி கொஞ்சம் தூக்கல், மிளகு சரி என்றுதான் சொல்கிறேன். அவளுக்கு அது பிடிப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாசின் பக்கம் பதினோராங்கட்டைத் தோட்டத்துக்குப் போனேன். நான் பார்க்கப் போனது அந்தத் தோட்டத்து மருத்துவமனையில் வேலை செய்த ஒருவரை. நன்றாக மட்டை பிடிப்பார் என்று சொல்லியிருந்தார்கள். கிராணிகளும் பள்ளி வாத்தியாரும் சேர்ந்து ஓர் அணி. பக்கத்துத் தோட்டத்துக் கிராணிகள் எதிரணி. திடலை ஒட்டி ரப்பர் நாற்றுமேடு. நடுவில் கம்பி வேலி.

நான் பார்க்கப் போனவர் பந்தைத் தூக்கி அடித்தார். அது வேலியைத் தாண்டி நாற்றுமேட்டுக்குள் விழுந்தது. ஒருவர் அதை எடுத்து வர மெதுவாக நடக்கத் தொடங்கினார். அவர் பாதி தூரம் போவதற்குள் வேலிக்கு அப்பாலிருந்து பந்து வந்தது. மேலே எழும்பி வரவில்லை. கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராக வந்து விக்கெட் கீப்பரின் கையில் உட்கார்ந்தது. அவர் அதைப் பந்துவீச்சாளரிடம் தூக்கிப் போட்டார். ஆட்டம் அப்படியே தொடர்ந்தது.

"யாருங்க அது?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன்.

"நாத்துமேட்டுக் காவக்காரன் சார். எப்பவும் அப்படித்தான்லா போடுவான்."

மட்டைக்காரரை அப்படியே விட்டுவிட்டு வேலிப்பக்கம் போனேன். இருபது வயதுகூட இருக்காது. காக்கி அரைக்கால் சட்டை, தலையில் துண்டு, காலடியில் குவித்த கற்கள். பெயர் காத்தமுத்து.

"இவ்வளவு கல்லு எதுக்கு?"

"கொரங்கு வரும் சார். காட்டுப் பன்னி வரும். நாத்தப் புடுங்கிப் போட்டுரும். முன்ன துப்பாக்கி குடுத்துருந்தாங்க. அவசரகாலம்னு அதத் திருப்பி வாங்கிட்டாங்க. கல்ல யாரும் வாங்கல."

"குரங்கை அடிச்சிடுவியா?"

"ஐயோ, பாவம் சார். அது ஒக்காந்துருக்கற மரத்த அடிப்பேன். சத்தத்துலயே ஓடிரும்."

"எந்த மரம்?"

அவன் ஒரு மரத்தைக் காட்டினான். நாற்றுமேட்டின் அடுத்த கோடியில், கண்ணைச் சுருக்கினால்தான் தெரிந்தது. ஒரு கல்லை எடுத்தான். எறிந்தான். அந்த மரத்தில் கல் பட்ட சத்தம் கேட்டது.

"கிரிக்கெட் ஆடுவியா காத்தமுத்து?"

"அது கிராணிமாருங்க ஆட்டம் சார். நான் பந்து பொறுக்கிப் போடுவேன், அவ்வளவுதான்."

திங்கட்கிழமை உருளையை இழுக்கும்போது எல்லாவற்றையும் லசாரூவிடம் சொன்னேன். எறிந்தது எந்த உயரத்தில் வந்தது, அதற்குமுன் எத்தனை எட்டு வைத்தான் என்று கேட்டார். எட்டே வைக்கவில்லை, நின்ற இடத்திலிருந்து எறிந்தான் என்றேன். அவர் உருளையை நிறுத்தினார். பிறகு மறுபடி இழுத்தார்.

"பெலும். அடுத்த வாரம் திரும்பப் போ," என்றார்.

தோட்டத்துத் தலைமைக் கிராணியிடம் பேசி அவனை அணியில் சேர்க்க வைத்தேன். ஆள் குறைந்திருந்ததால் அவரும் சம்மதித்தார். அதன் பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகள் பதினோராங்கட்டைக்கே போயின.

தொடக்கத்தில் அவனைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். எதிரணிக்காரர் அழகாக அடித்தால் கைதட்டுவான். தன் பக்கம் பந்து வந்தால் எடுத்த வேகத்தில் முழு பலத்தோடு எறிவான். எதற்கு, எந்த முனைக்கு என்று பார்ப்பதில்லை. ஒரு முறை யாரும் ஓடாதபோதே எறிந்து ஸ்டம்பை முறித்தான். "ஒடச்சிட்டேன் சார், மன்னிச்சிருங்க," என்று பந்துவீச்சாளரிடம் போய்ச் சொன்னான். இரண்டு மட்டைக்காரர்களில் யார் மெதுவாக ஓடுகிறாரோ அவர் போகும் முனைக்கு எறிய வேண்டும் என்பது அவனுக்குப் பிடிபடச் சில மாதங்கள் ஆயின. பிடிபட்ட பிறகு அவன் முகமே மாறிவிட்டது. யார் கால் வலிக்க நடக்கிறார், யார் பின்னால் திரும்பிப் பார்த்து ஓடுகிறார் என்று மதியம் முழுக்கக் கவனித்துக்கொண்டு நிற்பான்.

பயிற்சிக்காக அவனிடம் ஒரு பழைய பந்தைக் கொடுத்தேன். அது ஒரு கலாட்டாவில் முடிந்தது. அப்போது தொழிலாளர்கள் குடியிருந்த தோட்டத்து லயன் வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி. கேட்டில் சோதனை இல்லாமல் ஒரு எறும்பும் உள்ளே போகாது. அங்கே காவலுக்கு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள், யூசோப் என்ற மலாய் இளைஞன், காத்தமுத்துவின் இடுப்பு மடிப்பில் கனமாக, உருண்டையாக ஏதோ இருப்பதைத் தொட்டதும் பின்னால் குதித்துவிட்டான். கீழே வை, தள்ளி நில் என்று கத்தியிருக்கிறான். இவன் சிவப்புப் பந்தை வெளியே எடுத்துத் தரையில் வைத்தான். இரண்டு பேரும் அதைச் சுற்றி நின்று கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார்கள். அது வெடிக்கவில்லை. பிறகு யூசோப் அதைக் காலால் தட்டிப் பார்த்து, கையில் எடுத்து, இவன் பக்கம் தூக்கிப் போட்டான். இவன் திருப்பிப் போட்டான்.

அன்று தொடங்கி, வேலை ஓய்ந்த நேரங்களில் யூசோப்தான் அவனுக்குத் துணை. கேட்டிலிருந்து லயன் கோடிவரை இருவரும் எறிந்து பிடிப்பார்கள். பந்து வேலியைத் தாண்டினால் தொலைந்தது. கேட் மூடிய பிறகு வெளியே போய் எடுக்க முடியாது. அதனால் உயர எறியவே கூடாது என்று அவர்களாகவே ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். கம்பி வேலியின் உயரத்துக்குக் கீழேயே பந்து போக வேண்டும். சில மாதங்களில் காத்தமுத்துவின் எறி இன்னும் தாழ்ந்து, இன்னும் விரைவாக வரத் தொடங்கியது. நான் காரணம் கேட்டபோதுதான் இதைச் சொன்னான். லசாரூவிடம் சொன்னேன். "நம்ம திடலைச் சுத்தியும் கம்பி கட்டலாமா?" என்று கேட்டார். அவர் கேலி செய்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

மறு வருடம் அவனை டவுனுக்கு வரவழைத்துக் கிளப் அணியில் ஆட வைத்தோம். அங்கேதான் சிக்கல் வந்தது.

காலையில் அவனைப் போல ஒருவனை மலாக்காவில் காட்ட முடியாது. மதியத்துக்குப் பிறகு வேறு ஆள் மாதிரி ஆகிவிடுவான். பந்து பாதி வழியில் தரையில் விழுந்து, துள்ளித் துள்ளி வந்து சேரும். ஓடுவதிலும் தளர்ச்சி. ஒரு வாரம் அல்ல, வாராவாரம். குழுவில் இருந்தவர்கள், "காலை நேரத்து வீரன்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். தோளில் கோளாறு என்றார் ஒருவர். எண்ணெய் தேய்க்கச் சொன்னார் இன்னொருவர். எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

லசாரூ சொன்னார்: "அவன் எறியறப்ப பார்த்தது போதும். எறியாதப்ப என்ன செய்யறான்னு பாரு."

அடுத்த ஞாயிறு மதிய இடைவேளையில் அவன் பின்னாலேயே போனேன். மற்றவர்கள் சாப்பாட்டுக்கு உள்ளே போனார்கள். அவன் கட்டடத்தின் பின்னால் குழாயைத் திறந்து, வயிறு நிறையத் தண்ணீர் குடித்தான். கடற்கரைப் பக்கம் ஒரு மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தான்.

"சாப்பிடல?"

எழுந்து உட்கார்ந்தான். "சாப்புட்டேன்ணே." அதற்குள் நான் அவனுக்கு அண்ணன் ஆகியிருந்தேன்.

"எங்க?"

"வீட்டுலதான். காலையில."

"விடியற்காலையிலயா? அதோட எப்படி இவ்வளவு நேரம் நிக்கற?"

சிரித்தான். "உள்ள மேசை போட்டு, கத்தி முள்ளு எல்லாம் வெச்சிருக்காங்கண்ணே. ஒருநா எட்டிப் பாத்தேன். எனக்கு அது சரிப்படாது. ஒண்ண கீழ போட்டு ஒடச்சிட்டா?"

"அம்மாகிட்ட சோறு கட்டிக் குடுக்கச் சொல்லலாமே."

"கேட்டுல விட மாட்டாங்களேண்ணே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று, வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறுகூட எடுத்துப் போகத் தடை இருந்தது. ரப்பர் பால் வெட்டுகிறவர்களே பசியோடுதான் மரத்துக்குப் போனார்கள். ஒரு நாள் அவன் அம்மா தெரியாமல் கட்டிக் கொடுத்துவிட, அதைக் கேட்டிலேயே நின்று தின்று முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினானாம். "யூசோப் தண்ணி குடுத்தான்ணே. இல்லாட்டி விக்கியிருக்கும்," என்றான்.

திங்கட்கிழமை இதைச் சொன்னபோது லசாரூ நடையை நிறுத்தினார். உருளையின் கைப்பிடியை விட்டுவிட்டு, வெயில் அடித்துக்கொண்டிருந்தும் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு மதியம் அவர் ஒரு ரிக்ஷாவில் வந்து இறங்கினார். மடியில் பெரிய சட்டி. அவருடைய மனைவி சமைத்த கோழிக்கறி. காடியும் கடுகும் மிளகாயும் சேர்ந்து, மூடியைத் திறந்ததும் திடல் முழுக்க மணத்தது. இன்னொரு அண்டாவில் சோறு. மரத்தடியில் பாய்களை விரிக்கச் சொன்னார். வாழையிலை போடச் சொன்னார். உள்ளே போய், "இன்னைக்கு மேசை கிடையாது. எல்லாரும் வெளியே வாங்க," என்று அறிவித்துவிட்டு வந்தார்.

வெளியே வந்தவர்களில் எங்கள் வேகப் பந்துவீச்சாளரான வெள்ளைக்காரத் துரையும் ஒருவர். கரண்டி எங்கே என்று சுற்றும் முற்றும் பார்த்தார். லசாரூ தன் கையை எடுத்துக் காட்டினார். துரை சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோவதற்குள் பாதி மடியில் விழுந்தது. காத்தமுத்து கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு நகர்ந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கட்டை விரலால் எப்படித் தள்ளுவது என்று காட்டினான். காரம் தாங்காமல் துரையின் முகம் பந்தின் நிறத்துக்கு வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. லசாரூ சட்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய், தனக்குத் தெரிந்த தமிழில், "இன்னும் கொஞ்சம்? குழம்பு? சோறு?" என்று கேட்டார்.

அன்று பிற்பகல் காத்தமுத்து எறிந்த ஒரு பந்தைப் பிடித்துவிட்டு எங்கள் விக்கெட் கீப்பர் கையுறையைக் கழற்றி விரல்களை உதறினார். பிறகு மரத்தடியைப் பார்த்து, "யாரு அவனுக்கு ரெண்டாவது தடவ சோறு போட்டது?" என்று கத்தினார். அதன் பிறகு எங்கள் கிளப்பில் ஞாயிறு சாப்பாடு மரத்தடிக்கே மாறிவிட்டது.

அந்த வருடம் பக்கத்து மாநிலத்துடனான ஆட்டத்துக்கு அணி தேர்ந்தெடுக்கக் குழு கூடியது. லசாரூ காத்தமுத்துவின் பெயரைச் சொன்னார். பொருளாளர் மறுத்தார். வங்கியில் வேலை பார்த்த, வயிறு பெருத்த, நல்ல மனிதர். பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கியதை வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் சொல்வார்.

"அவன் மட்டை புடிச்சா முட்டைதானே எடுப்பான்? ஒரு ஆள் இடத்த வீணாக்கணுமா? தூரத்துல நிக்கறவன் ரெண்டு ரன் தடுத்தா என்ன, தடுக்காட்டி என்ன?"

லசாரூ வாதம் செய்யவில்லை. "திடலுக்கு வாங்க," என்றார். பொருளாளரை ஒரு முனையிலும் என்னை மறு முனையிலும் நிறுத்தினார். காத்தமுத்துவைக் கடலோர எல்லைக்கு அனுப்பினார். மட்டையால் தானே பந்தை அந்தப் பக்கம் அடித்து, "ரெண்டு ஓடுங்க," என்றார்.

ஓடினோம். முதல் ரன் சுலபம். இரண்டாவதற்குத் திரும்பிப் பாதி வழி வருவதற்குள் பொருளாளர் போக வேண்டிய முனையில் ஸ்டம்ப் சாய்ந்து கிடந்தது. "நான் தயாரா இல்ல," என்றார் அவர். மறுபடி ஓடினோம். மறுபடி சாய்ந்தது. மூன்றாவது முறை லசாரூ அடிப்பதற்கு முன்பே அவர் கிளம்பிவிட்டார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி ஓடினேன். அப்போதும் தப்பவில்லை. கால் வழுக்கிப் புல்லில் உட்கார்ந்தவர், மூச்சு வாங்கிக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"போதும்லா! போதும்! அவன் பேரு போட்டுக்குங்க. எங்கம்மா சத்தியமா இனிமே நான் ஓட மாட்டேன்!"

லசாரூ மட்டையைக் கீழே வைத்தார். எல்லையில் நின்ற காத்தமுத்துவைப் பார்த்து, "போலே," என்றார். அவ்வளவு தூரத்தில் இருந்தவனுக்கு அது கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

ஒரு தடை மட்டும் பாக்கி. தோட்டத்துக் கேட் பொழுது சாயும்போது மூடிவிடும் என்பதால் அவன் எந்த ஆட்டத்தையும் முடியும்வரை ஆடியதே இல்லை. தேநீர் இடைவேளையோடு பஸ் ஏறிவிடுவான். மாநில ஆட்டத்தில் நடுவில் கிளம்ப முடியாது. அனுமதி கேட்டு நானும் லசாரூவும் அலைந்தோம். எங்கும் சரியான பதில் இல்லை. மாற்று ஆளைத் தயாராக வைப்பதா என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. மலாக்காவின் ஒரு பகுதியை வெள்ளைப் பகுதி என்று அறிவித்தார்கள். ஊரடங்கு இல்லை, உணவுத் தடை இல்லை. பதினோராங்கட்டையும் அதற்குள் வந்தது.

அன்று நான் அங்கே போயிருந்தேன். கேட் விரியத் திறந்து கிடந்தது. பெண்கள் சோற்றுத் தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, போக வேண்டிய வேலை ஒன்றும் இல்லாமல், வெளியே போவதும் உள்ளே வருவதுமாக இருந்தார்கள். யூசோப் கேட்டில் சாய்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். காத்தமுத்துவின் அம்மா என்னைப் பார்த்ததும், "ஆட்டத்துக்கு எத்தன பேரு கிராணி? எல்லாத்துக்கும் நான் சோறு கட்றேன்," என்றார். சொன்னபடியே செய்தார்.

ஆட்டத்தன்று தோட்டத்திலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்கள் வந்தார்கள். யூசோப் சீருடை இல்லாமல், எண்ணெய் தடவித் தலை சீவி, காத்தமுத்துவின் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நாங்கள் முதலில் மட்டை பிடித்தோம். கடைசி ஆளாகப் போன காத்தமுத்து முதல் பந்திலேயே ஸ்டம்பைப் பறிகொடுத்து, சிரித்த முகத்தோடு திரும்பி நடந்தான். லாரிக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டிய தட்டில், நூறு அடித்துவிட்டானோ என்று எதிரணியினர் ஸ்கோர் பலகையைப் பார்த்தார்கள்.

பிறகு எதிரணி மட்டை பிடித்தது. முதல் மணி நேரத்திலேயே அவர்களில் ஒருவர் காத்தமுத்துவின் பக்கம் அடித்துவிட்டு, சாவகாசமாக இரண்டாவது ரன் ஓடினார். மட்டையைக் கோட்டுக்குள் நீட்டும் முன் ஸ்டம்ப் இல்லை. அதன் பிறகு அந்தப் பக்கம் பந்து போனால் ஒன்றோடு நின்றுவிட்டார்கள். எங்கே நிற்க வைத்தாலும் அப்படித்தான். மதியம் முழுக்க நான் ஸ்கோர் எழுதினேன். எடுத்த ரன்னை எழுதலாம்; எடுக்கப் பயந்த ரன்னை எங்கே எழுதுவது? பொருளாளர் என் பின்னால் நின்று அதை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். கை விரல்கள் தீர்ந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

வெயில் சாய்ந்தபோது அவர்களுடைய கடைசி ஜோடி ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு ரன் எடுத்தால் சமம். மூன்று எடுத்தால் அவர்களுக்கு வெற்றி. லாரிக்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

மட்டைக்காரர் பந்தைக் கடலோரப் பக்கம் அடித்தார். என் ஸ்கோர் மேசை அந்தப் பக்கம்தான் இருந்தது; கூட்டம் எதிர்ப்பக்கம், பொருளாளரும் அங்கே போய்விட்டிருந்தார். இருவரும் முதல் ரன்னை ஓடி முடித்துத் திரும்பினார்கள். சமமாகிவிடலாம் என்ற ஆசையில் இரண்டாவதற்கும் கிளம்பிவிட்டார்கள். காத்தமுத்து ஓடி வந்து குனிந்தான். புல்லில் ஏதோ மேடு தட்டி, பந்து அவன் விரலுக்கு மேல் துள்ளி, கால்களுக்கு இடையே புகுந்து பின்னால் போய்ப் புல்லில் நின்றுவிட்டது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நிமிர்ந்தான். இடது காலை முன்னால் வைத்தான். பந்து இருப்பதைப் போலவே விரல்களைக் குவித்து வலது கையைக் காதுக்குப் பின்னால் இழுத்தான். மதியம் முழுக்க அவர்கள் பார்த்துப் பயந்த அதே கை.

"நோ! கோ பேக்!" என்று ஒரு மட்டைக்காரர் அலறினார். இருவரும் வழுக்கிக்கொண்டு திரும்பி, வந்த முனைகளுக்கே ஓடினார்கள். அவர்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த பிறகு காத்தமுத்து இரண்டு எட்டு பின்னால் வைத்து, புல்லில் கிடந்த பந்தை எடுத்து, தூசி தட்டி, விக்கெட் கீப்பரிடம் எறிந்தான்.

அடுத்த பந்தில் எங்கள் வேகப் பந்துவீச்சாளர் நடு ஸ்டம்பைப் பிடுங்கினார். ஒரு ரன்னில் மலாக்கா வென்றது.

திடலுக்குள் யார் முதலில் ஓடினார்கள் என்று தெரியாது. பொருளாளர் நிச்சயம் முதல் மூன்று பேரில் ஒருவர். துரை காத்தமுத்துவைத் தோளில் தூக்கப் பார்த்து இருவரும் விழுந்தார்கள். நான் லசாரூவைத் தேடினேன். அவர் எப்போதும் போல எல்லைக்கோட்டுக்கு வெளியே, காத்தமுத்து நின்ற இடத்துக்குப் பின்னால்தான் இருந்தார். குடையை முகத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்திருந்தார். குடை குலுங்கிக்கொண்டிருந்தது. உடம்புக்கு ஏதோ என்று பயந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். மனிதர் கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்போது எதிரணித் தலைவர் எங்களை நோக்கி வந்தார். உயரமான வெள்ளைக்காரர். காத்தமுத்துவையும் கூட்டி வந்திருந்தார். அவன் கையைப் பிடித்துக் குலுக்கி ஆங்கிலத்தில் பேசினார். நான் மொழிபெயர்த்தேன்: "கடைசியில எங்க ஆளுங்கள இரண்டாவது ரன் ஓட விடாம நிறுத்தினது இந்தக் கைதான். இப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லைன்னு சொல்றாரு."

காத்தமுத்து நெளிந்தான். என் காதருகே வந்தான்.

"அண்ணே, கையில பந்து இல்லன்னு அவருகிட்ட சொல்லிரவா? பாவமா இருக்கு."

அதை லசாரூவின் காதில் மலாயில் சொன்னேன். அவர் குடையை மடக்கினார். முகத்தைப் பழையபடி இறுக்கமாக வைத்துக்கொண்டார்.

"வேண்டாம்னு சொல்லு. அடுத்த வருஷமும் இவங்களோட ஆடணும்."

அடுத்த வருடமும் ஆடினோம். அதற்கடுத்த வருடங்களிலும். அவன் ஓய்வு பெறும்வரை அந்த மாநிலத்துக்காரர்கள் அவன் பக்கம் அடித்தால் ஒரு ரன்னுக்கு மேல் ஓடியதில்லை. விஷயம் எங்கள் மூன்று பேருக்குள்ளேயே இருந்தது. லசாரூ காலமாகிவிட்டார். அந்தத் தலைவர் சுதந்திரத்துக்குப் பிறகு தன் நாட்டுக்குத் திரும்பிவிட்டார். காத்தமுத்து சுங்கை ஊடாங்கில், எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் மகன் வீட்டில் இருக்கிறான். இதை எழுத உட்காரும் முன் அவனுக்குத் தொலைபேசி போட்டேன்.

"காத்தமுத்து, அந்தக் கடைசிப் பந்து விஷயத்த எழுதிரட்டுமா?"

அந்தப் பக்கம் பேரப்பிள்ளைகளின் சத்தம். அவன் சிரிப்பு அதையும் மீறிக் கேட்டது.

"எழுதுங்கண்ணே. இனிமே எவன் ரெண்டாவது ரன் ஓடப் போறான்?"